சைலோசைபின் அனோரெக்சியாவுக்கு மருந்தாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூலையில் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. அனோரெக்சியா உள்ள பத்துப் பெண்களுக்கு சைலோசைபின் ஒரே ஒருமுறை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சைலோசைபின் என்பது 'மேஜிக் காளான்' என்று பேர்வாங்கிய காளானில் இருக்கும் வேதிப்பொருள். ஆய்வு என்னமோ பத்துப் பேரோடு முடிந்துவிட்டது. பேச்சுதான் இன்னும் முடியவில்லை. 'காளான் தின்றால் சாப்பாட்டுப் பயம் போய்விடுமாமே' என்ற அளவுக்கு அது சுருங்கியும் விட்டது. அதனால் அந்த ஆய்வில் உண்மையில் என்ன இருக்கிறது, அதைச் சுற்றி வேறென்ன நடக்கிறது என்பதைக் கேள்வி பதிலாக எழுதுகிறேன்.

அனோரெக்சியா என்றால் பசியே எடுக்காத நோயா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்றுதான் பொருள். ஆனால் பெயர் வைத்தவர்கள் தப்பாக வைத்துவிட்டார்கள். பசி இருக்கும், சில சமயம் கொடூரமாக இருக்கும். சாப்பிடுவதைப் பற்றிய பயம் அந்தப் பசியையும் தாண்டி நிற்கும்.

ஒரு இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நாலு வாய். இந்த நோய் முற்றிய ஒருவருக்கு அது முப்பது துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு. எதைத் தொட்டுக்கொள்ளலாம், எதைக் கூடாது என்று ஒரு சட்டம். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தட்டில் பாதி இட்லி அப்படியே இருக்கும். 'ஒரு இட்லி சாப்பிட இவ்வளவு நேரமா' என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். அந்த முக்கால் மணி நேரமும் அந்தத் தலைக்குள் நடந்தது போர் என்பது வெளியே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தாலே மூளை இப்படித்தான் ஆகும். 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராதவர்கள், அதற்குப் பதிலாக இதற்கு ஒப்புக்கொண்டவர்கள். ஆறு மாதம் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். அந்த ஆண்பிள்ளைகள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பேச்சு குறைந்தது, சிரிப்பு போயிற்று. அவர்களில் யாருக்கும் அனோரெக்சியா கிடையாது. வயிறு காய்ந்திருந்தது, அவ்வளவுதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது அவ்வளவு ஆபத்தான நோயா?

ஆமாம். 2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுக்காரர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு என்று வந்தது. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை. மீதியில் பெரும்பகுதி பட்டினியால் உடம்பு படும் பாடு. இதயம் நிற்பதும் அதில் சேர்த்தி.

புலிமியா, பிஞ்ச் ஈட்டிங் என்பதெல்லாம்?

புலிமியாவில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுத்தோ பேதி மருந்து குடித்தோ அதைக் கழிக்கப் பார்ப்பார்கள். பிஞ்ச் ஈட்டிங்கில் அந்தக் கழிப்பது இருக்காது. சைலோசைபின் மாதிரிப் புலன்களை உருமாற்றும் சைக்கடெலிக் பொருள்களை வைத்து நடக்கும் ஆய்வுகள் இதுவரை பெரும்பாலும் அனோரெக்சியாவைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. இந்தப் பக்கமும் அப்படியே.

அனோரெக்சியாவுக்கு வேறு மருந்தே இல்லையா?

அதுதான் சங்கடம். புலிமியாவுக்கு ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை உண்டு. பிஞ்ச் ஈட்டிங்குக்கு லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் என்ற மருந்தை 2015ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அனோரெக்சியாவுக்கென்று எஃப்டிஏ அனுமதித்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. ஓலான்சபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் கொஞ்சம் எடை ஏறும், அவ்வளவுதான். பேச்சு வழிச் சிகிச்சைகள் இருக்கின்றன. சிறுவயதில், நோய் தொடங்கிய புதிதில், அவை நன்றாகவே வேலை செய்கின்றன. பத்து வருஷம் பதினைந்து வருஷம் ஆகிவிட்டவர்களுக்குத்தான் கையில் ஒன்றும் இல்லை. அங்கேதான் இந்த ஆராய்ச்சி நுழைகிறது.

சைக்கடெலிக் என்றால் எந்தெந்தப் பொருள்?

சைலோசைபின், எல்எஸ்டி, மெஸ்கலின், அயவாஸ்கா என்ற கஷாயத்தில் இருக்கும் டிஎம்டி. இவை மூளையில் சேதி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் உட்காரும் நாற்காலிகளில் ஒன்றில், 5-எச்டி2ஏ என்ற ஏற்பியில், போய் உட்காருகின்றன. புலன்களும் 'நான்' என்ற உணர்வும் சில மணி நேரத்துக்கு உருமாறுகின்றன. எம்டிஎம்ஏவும் ('எக்ஸ்டஸி' என்ற போதை மாத்திரை) கெட்டமினும் வேறு வழியில் வேலை செய்பவை, பேச்சு வழக்கில்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டன.

இது ஏதோ ஆய்வுக்கூடத்தில் பிறந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் வாஹாகா மலைப்பகுதியில் மாசாடெக் மக்கள் தலைமுறை தலைமுறையாக நோய் தீர்க்கும் சடங்கில் இந்தக் காளானைப் பயன்படுத்தி வந்தவர்கள். 1955ல் மரியா சபினா என்ற வைத்தியச்சி, கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரியை அந்தச் சடங்கில் சேர்த்துக்கொண்டார். அவர் 1957ல் லைஃப் பத்திரிகையில் எழுதினார். 1958ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். மரியா சபினாவுக்கு என்ன கிடைத்தது? வெளியூர்க் கூட்டம், போலீஸ் தொல்லை, எரிந்துபோன வீடு. இன்று கம்பெனிகள் காப்புரிமை பேசும்போது இதுவும் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

சரி, சாப்பாட்டுப் பயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டு வழியில் யோசிக்கிறார்கள்.

ஒன்று, செரட்டோனின். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வால்டர் கே பல வருஷமாகச் சொல்லி வருவது இது. செரட்டோனின் செய்ய உடம்புக்கு டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும், அது சாப்பாட்டிலிருந்துதான் வரும். சாப்பாட்டைக் குறைத்தால் மூளையில் செரட்டோனின் குறையும். இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ள ஒருவருக்கு இந்தக் குறைவு ஒருவித அமைதியைத் தரலாம் என்பது அவர் கருத்து. அதாவது பட்டினியே அவருக்கு மாத்திரை. திரும்பச் சாப்பிட ஆரம்பித்தால் பதற்றமும் திரும்பி வரும். 'சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நாம் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்கு அது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. நோயிலிருந்து மீண்டவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோதும் செரட்டோனின் ஏற்பிகளில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, இறுக்கம். அனோரெக்சியா என்பது சட்டங்களின் நோய். ஆறு மணிக்கு மேல் கூடாது, எண்ணெய் கூடாது, இத்தனை படி ஏறாமல் சாப்பிடக் கூடாது. ஒரு சட்டம் பழகிவிட்டால் அதை மாற்ற மனசு மறுக்கும். சைக்கடெலிக் அனுபவம் இந்த இறுக்கத்தைக் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்துகிறது என்பது எதிர்பார்ப்பு.

இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது எதிர்பார்ப்பு மட்டும்தானா?

எலியில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கிளேர் ஃபோல்டியின் குழு பெண் எலிகளை வைத்துப் பார்த்தது. கூண்டில் ஓடும் சக்கரம் வைப்பார்கள். சாப்பாடு தினமும் குறிப்பிட்ட கொஞ்ச நேரம் மட்டும். விசித்திரம் என்னவென்றால், எலிகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், எடை சரியும். முன்கூட்டியே சைலோசைபின் கொடுத்த எலிகள் எடையை நன்றாகத் தக்கவைத்துக்கொண்டன. விதி மாறும்போது தாங்களும் மாறிக்கொள்வதில் முன்னேற்றம் தெரிந்தது. 2024ல் மாலிக்யூலர் சைக்கியாட்ரி இதழில் வந்தது.

முன்கூட்டியே என்பதைக் கவனியுங்கள். நோயாளி நோய் வருவதற்கு முன் வந்து நிற்பதில்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பத்துப் பேர் ஆய்வு, அதாவது சான் டியாகோ ஆய்வில் என்ன செய்தார்கள்?

ஸ்டெஃபனி நாட்ஸ் பெக் முதல் ஆசிரியர், வால்டர் கே குழு. 18 முதல் 40 வயதுக்குட்பட்ட பத்துப் பெண்கள். சிலருக்கு நோய் அப்போதும் இருந்தது, சிலர் ஓரளவு மீண்டவர்கள். ஆளுக்கு ஒரே தடவை 25 மில்லிகிராம் சைலோசைபின். காளான் கிடையாது, ஆய்வுக்கூடத்தில் செய்து, அளந்து, குளிகையில் அடைத்தது.

அந்த நாளுக்கு முன்பே சிகிச்சையாளர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். உனக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாய், அழுகை வந்தால் என்ன செய்யலாம். அப்புறம் அந்த நாள். ஆஸ்பத்திரி வாடை இல்லாமல் வீட்டு அறை மாதிரி ஒரு அறை, ஒரு படுக்கை, கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, காதில் இசை. பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் அதிகம் பேசுவதில்லை. கூட இருப்பதுதான் அவர்கள் வேலை. நாள் முழுக்க அதற்கே போய்விடும். மறுநாளிலிருந்து மறுபடி பேச்சு: என்ன பார்த்தாய், அதை வைத்துக்கொண்டு இனி எப்படிச் சாப்பிடப் போகிறாய்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் 'இண்டக்ரேஷன்' என்கிறார்கள். நம்மூரில் கோயிலுக்கு மாலை போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது புரியும். மலை ஏறி இறங்குவது ஒரு நாள்தான். முன்னால் நாற்பத்தெட்டு நாள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. (இங்கே பின்னாலும் வேலை இருக்கிறது என்பது வித்தியாசம்.)

முடிவு என்ன வந்தது?

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பத்தில் நாலு பேருக்கு நோயின் எண்ணங்கள் நன்றாகக் குறைந்திருந்தன. மதிப்பெண் சாதாரண மக்களின் அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. எடை பற்றிய கவலை குழு முழுக்க எடுத்துப் பார்த்தாலும் குறைந்தது. எட்டுப் பேர், தங்கள் வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் இதுவும் ஒன்று என்றார்கள். ஒன்பது பேர், ஒரு தடவை போதாது என்றும் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்தித் தலைப்புகளில் தேடினால் கிடைக்காது.

எடை கூடியதா?

மொத்தமாகப் பார்த்தால் இல்லை. சிலருக்குக் கூடியது, சிலருக்குக் கூடவில்லை. பெயர் சொல்லும்படியான மாற்றம் எதுவும் எடையில் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் நடுப்புள்ளி இதுதான். மனசில் கட்டு தளர்ந்தது, தட்டில் சோறு கூடவில்லை. ஆய்வின் நோக்கமே இதைப் பத்திரமாகக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என்பதால் ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மினசோட்டா இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மனசு தெளிந்தது சோறு உள்ளே போன பிறகுதான், அதுவும் மெதுவாக. வயிறு காய்ந்த மூளைக்கு எவ்வளவு பெரிய ஞானம் வந்தாலும், அடுத்த வேளை இட்லி அதே தட்டில் அதே முப்பது துண்டாகத்தான் காத்திருக்கும். அந்த ஞானம் கொஞ்ச நாள் திறந்து வைக்கிற கதவு வழியாகச் சோற்றை உள்ளே அனுப்ப ஆள் வேண்டும். ஒரு நாள் அனுபவமும் ஒரு சில அமர்வுகளும் அதற்குப் போதுமா என்பதைத்தான் அடுத்த ஆய்வுகள் சொல்ல வேண்டும்.

நாலு பேர் என்றால் நாற்பது சதவீதம். நல்ல கணக்குத்தானே?

பத்துப் பேரில் சதவீதம் போடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. எல்லோருக்கும் தாங்கள் சாப்பிடுவது சைலோசைபின் என்று தெரியும். வருஷக்கணக்காக எதுவும் பலிக்காத ஒருவருக்குப் புது மருந்து, நாள் முழுக்கக் கவனிப்பு, காது கொடுத்துக் கேட்கும் இரண்டு பேர். அதிலேயே பாதி பலம் இருக்கும்.

போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாமே என்றால், இந்த மருந்தில் அது கஷ்டம். அரை மணி, ஒரு மணியில் கூரை அசையவில்லை என்றால் தனக்குக் கிடைத்தது எது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றமே அவரை இன்னும் மோசமாக்கலாம்.

முன்பு யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா?

1950களின் கடைசியிலேயே பிரான்சில் ழான் தெலே குழுவினர், அனோரெக்சியாவோடு வாந்தியும் இருந்த ஒரு பெண்ணுக்கு சைலோசைபின் கொடுத்ததாக மருத்துவப் பதிவு உண்டு. அதற்கப்புறம் இந்தப் பொருள்கள் மீது தடை வந்து, நீண்ட இடைவெளி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெக் ஸ்ப்ரிக்ஸ் குழு 2021ல் வெளியிட்ட திட்டம் சான் டியாகோவிலிருந்து மாறுபட்டது: ஒன்றுக்குப் பதில் மூன்று தடவை, ஆறு வாரத்தில், இருபது பெண்களுக்கு வரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஒரு சிறு ஆய்வு.

அயவாஸ்காவால் குணமானவர்கள் இருக்கிறார்களாமே?

தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக் கொடி ஒன்றையும் வேறொரு செடியின் இலையையும் கொதிக்கவைத்துச் செய்யும் கஷாயம் அயவாஸ்கா. கனடாவின் அடெல் லஃப்ரான்ஸ், உணவுக் கோளாறு இருந்து அயவாஸ்கா சடங்கில் கலந்துகொண்ட 16 பேரிடம் பேசி 2017ல் எழுதினார். நோய் எண்ணங்கள் குறைந்தன, தன் உடம்பின் மீது ஒரு பரிவு வந்தது என்று பலர் சொன்னார்கள். பலன் கண்டவர்கள்தான் வந்து பேசுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமாகவும் கலவரமாகவும் படுவது வேறு விஷயம். அயவாஸ்கா குடித்தால் பெரும்பாலும் வாந்தி வரும். அந்த ஊரில் அதற்குப் பேரே 'லா புர்கா', கழிவு. கெட்டது வெளியே போகிறது என்பது நம்பிக்கை. சடங்குக்கு முன் பத்தியமும் உண்டு: உப்பு குறைவு, இன்ன இறைச்சி கூடாது, இனிப்பு கூடாது. இப்போது புலிமியா உள்ள ஒருவரை அங்கே உட்காரவைத்துப் பாருங்கள். பத்து வருஷமாக ரகசியமாகக் குளியலறையில் செய்ததை, இங்கே எல்லோர் முன்னாலும், ஒரு பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, புனிதம் என்று செய்கிறார். பத்தியம் என்ற பெயரில் உணவைத் தவிர்ப்பதற்கும் அனுமதி கிடைத்தாயிற்று. அது வேறு, இது வேறு என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதுண்டு. வேறாகவே இருக்கலாம். ஆனால் நோய் தந்திரசாலி. விரதத்தைக்கூட அது தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் என்பது நம் வீடுகளில் பார்க்காததா என்ன? அப்புறம், வாந்தியால் ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்த உடம்புக்கு, மறுபடி வாந்தி வெறும் குறியீடு கிடையாது.

அயவாஸ்காவில் உள்ள ஹார்மலின் வகைப் பொருள்கள் மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு கடந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காட்டில் அவசரச் சிகிச்சைப் பிரிவு கிடையாது.

எம்டிஎம்ஏ?

அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்தத்துக்கு, அதாவது பிடிஎஸ்டிக்கு, எம்டிஎம்ஏ கொடுத்த 90 பேர் ஆய்வு ஒன்றில், சாப்பாட்டுச் சிக்கல் பற்றிய கேள்வித்தாளையும் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். போலி மாத்திரை பெற்றவர்களைவிட எம்டிஎம்ஏ பெற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் அதிகம் குறைந்தது. உணவுக் கோளாறு உள்ள பலருக்குப் பழைய காயம் ஒன்று உள்ளே இருக்கும் என்பதால் இது வியப்பில்லை. ஆனால் அவர்கள் அனோரெக்சியாவுக்காக வந்தவர்கள் இல்லை. 2024 ஆகஸ்டில் எஃப்டிஏ, பிடிஎஸ்டிக்கே எம்டிஎம்ஏவை அனுமதிக்க மறுத்து, இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. போதாக்குறைக்கு எம்டிஎம்ஏ பசியை அடக்கும், இதயத்தை வேகமாக ஓட்டும்.

கெட்டமின்?

மயக்க மருந்து. 1998ல் இங்கிலாந்தில் நாள்பட்ட உணவுக் கோளாறு உள்ள 15 பேருக்கு மணிக்கு 20 மில்லிகிராம் வீதம் பத்து மணி நேரம் நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். கூடவே நால்மெஃபீன் என்ற மாத்திரை. ஒன்பது பேருக்கு நீடித்த பலன் தெரிந்ததாக எழுதினார்கள். அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. கெட்டமினை மனச்சோர்வுக்கு இந்தியாவிலும் சில மனநல மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். உணவுக் கோளாறுக்கென்று அல்ல. பழக்கமாகிவிட்டால் சிறுநீர்ப்பையைக் கெடுத்துவிடும்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

சைலோசைபின் நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கு நஞ்சாகும் வாய்ப்பு குறைவு. நாடியும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும், தலைவலி, குமட்டல் வரும். ஆனால் அனோரெக்சியா உள்ளவர் நல்ல ஆரோக்கியமுள்ளவர் இல்லையே. பட்டினியில் இதயத் தசையே மெலிந்திருக்கும், நாடி ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருக்கும், பொட்டாசியம் குறைந்து துடிப்பின் தாளம் தப்பலாம். சான் டியாகோவில் இரண்டு பேருக்கு ரத்தச் சர்க்கரை குறைந்தது. அவர்களுக்கு அறிகுறி எதுவும் தெரியவில்லை; ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டது. நண்பன் வீட்டு மொட்டைமாடியில் யார் ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

மனசுக்கும் ஆபத்து உண்டு. மணிக்கணக்கில் பீதியில் மாட்டிக்கொள்ளலாம். தனக்கோ ரத்த சொந்தத்திலோ ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு), பைபோலார் (இருதுருவ மனநோய்) இருந்தால் ஆய்வுகளில் சேர்த்துக்கொள்வதே இல்லை. லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் வலிப்பு வந்திருக்கிறது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அந்த மயக்கத்தில் இருப்பவர் பச்சைக்குழந்தை மாதிரி. கனடாவில் 2015ல் நடந்த ஓர் எம்டிஎம்ஏ ஆய்வில் சிகிச்சையாளர்கள் ஒரு பெண்ணிடம் எல்லை மீறி நடந்த காணொளி 2022ல் வெளியே வந்தது. முறையான ஆய்விலேயே இப்படி என்றால், காட்டு முகாமில் யாரை நம்புவது?

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளலாமா? அது பலனைக் குறைக்கும் என்கிறார்களே?

குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, உறுதியாகவில்லை. அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தற்கொலை எண்ணம் திரும்பலாம். இந்த நோயில் அது விளையாட்டு இல்லை.

மைக்ரோடோஸ், அதாவது போதை தெரியாத அளவுக்குத் துளித்துளியாக எடுத்துக்கொள்வது?

அனோரெக்சியாவுக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. கடந்துபோகலாம்.

இந்தியாவில் இது சட்டப்படி கிடைக்குமா? கொடைக்கானலில் கிடைக்கிறதே?

கிடையாது. சைலோசைபின், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ எல்லாம் 1985ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. வைத்திருந்தாலே வழக்கு. கொடைக்கானலில் போதைக் காளான் விற்றதாகக் கைது நடப்பது செய்தித்தாளில் அடிக்கடி வருவதுதான். சட்டத்தை விடுங்கள். புல்வெளியில் பறித்த காளானில் எவ்வளவு சைலோசைபின் இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அது அந்தக் காளான்தானா என்பதே சந்தேகம். பக்கத்திலேயே கல்லீரலைத் தின்னும் காளானும் முளைக்கும். தேன் பாட்டிலில் ஊறப்போட்டுத் தந்தால் முகம்கூடத் தெரியாது.

வெளிநாட்டில்?

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மற்ற சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு சைலோசைபினும், பிடிஎஸ்டிக்கு எம்டிஎம்ஏவும் எழுதலாம். உணவுக் கோளாறு அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2023லிருந்து உரிமம் பெற்ற மையங்களில் வயதுவந்தவர்கள் சைலோசைபின் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை மருத்துவமனைகள் அல்ல, கூட இருப்பவர் மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அனோரெக்சியாவோடு அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மகளுக்குப் பதினாறு வயது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டாள். இந்தச் சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். இந்த ஆய்வுகள் எதிலும் பதினெட்டுக்குக் கீழ் யாரையும் எடுத்ததில்லை. அவள் வயதுக்கு இதைவிட நல்ல ஆதாரமுள்ள சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது, குடும்பம் சார்ந்த சிகிச்சை என்று பெயர். அதில் அம்மா அப்பாதான் மருந்து. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலத்துக்கு நீங்கள் முடிவு செய்வீர்கள். மூன்று வேளையும் பக்கத்தில் உட்காருவீர்கள். திட்டும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. தட்டு காலியாகும்வரை எழுந்திருப்பதும் கிடையாது. அவள் கத்துவாள், தட்டைத் தள்ளுவாள். கத்துவது நோய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எடை ஏற ஏற, முடிவெடுக்கும் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பித் தருவீர்கள். இதை வழிநடத்தத் தெரிந்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாடி, ரத்த அழுத்தம், ஈசிஜி, சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் திடீரென்று நிறையச் சாப்பிட வைக்காதீர்கள். நெடுநாள் காய்ந்த உடம்பில் சாப்பாடு வேகமாக ஏறினால் பாஸ்பரஸ் சரிந்து இதயம் தடுமாறும். எவ்வளவு வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்வார். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாடி ஐம்பதுக்குக் கீழே போனாலோ மறுநாள்வரைகூடப் பொறுக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.